மீத்தேன் எரிப்புக்கான உலோக ஆக்சைடு வினையூக்கிகள்

மீத்தேனைச் சுடரின்றிக் கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் மாற்றும் திண்மங்கள். கோபால்ட் ஆக்சைடு முதலிய ஸ்பினல்கள், லாந்தனம் மாங்கனைட் முதலிய பெராவ்ஸ்கைட்டுகள், ஹெக்சாஅலுமினேட்டுகள் ஆகியன முதன்மை வகைகள். பெரும்பாலும் படிகத்தின் ஆக்சிஜனே மீத்தேனை எரிக்கிறது; அதனால் படிகத்தில் உண்டாகும் காலியிடத்தைக் காற்றின் ஆக்சிஜன் நிரப்புகிறது. ஆக்சைடுகளில் நிகழும் இத்தகைய சுழற்சியை மார்ஸும் வான் கிரெவெலனும் 1954இல் விளக்கினர்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் போன்ற வாகன உற்பத்தி வட்டாரங்களுக்கு இந்த வினையூக்கிகள் முக்கியமானவை. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 மாசு உமிழ்வு விதிகளின்கீழ், சிஎன்ஜி வாகனப் புகையின் எரியாத மீத்தேனைப் பெரிதும் பல்லேடியமே எரிக்கிறது. அதற்குப் பதிலாக ஆக்சைடுகளைப் பயன்படுத்தலாமே என்றால், குளிர்ந்த புகையில் அவை மந்தமானவை என்ற மறுப்பு சரியே. ஆனால் விலையுயர்ந்த பல்லேடியமும் நீராவியாலும் கந்தகத்தாலும் செயலிழக்கிறது. ஹெக்சாஅலுமினேட்டுகளோ 1,000 டிகிரி செல்சியசுக்கு மேலும் தாங்குகின்றன. எனவே ஆக்சைடுகளைப் பல்லேடியத்துக்கு முழு மாற்றாக அன்றி, அதன் அளவைக் குறைக்கும் துணையாகக் கொள்வதே பொருத்தம்.