தாராசிங்கா, கிங்காங்கா?

ரவாங்கில் என் மாணவர்கள் தொலைக்காட்சி மல்யுத்த வீரர்களுள் சிறந்தவர் யாரென்று வாதிடுவதுண்டு. இது பழைய வழக்குதான்.

பஞ்சாபில் பிறந்த தாராசிங், 1940களின் இறுதியில் சிங்கப்பூருக்குப் பிழைப்புத் தேடி வந்து, ஆலையில் உழைத்தவாறே மல்யுத்தம் பயின்றவர். ஹங்கேரியில் பிறந்த 'கிங்காங்' எமில் சாயா, மலையனைய உடலர். 1970இல் சிங்கப்பூரில் மறைந்தார்.

பட்டங்களை எண்ணினால் தாராசிங்கே முந்துவார். 1959இல் கல்கத்தாவில் கோர்டியென்கோவை வீழ்த்திக் காமன்வெல்த் வாகையரானார். 1968இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்றார்.

ஆயினும், தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவுகள் பெரும்பாலும் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுபவை. அங்கு வெற்றி மட்டுமே அளவுகோலாகுமா? அரங்கை நிறைத்து, எதிராளியின் புகழையும் வளர்த்த கிங்காங்குக்கே என் வாக்கு.

பிள்ளைகளின் வாதத்தைத் தடுக்காதீர்கள், "உன் அளவுகோல் யாது?" என்று மட்டும் கேளுங்கள். வரலாற்றுக் கல்வி அங்கேதான் தொடங்குகிறது.