பொம்மைக்குள் இருந்தவள்

“பிரெஞ்சுக்காரன் எழுதின பேய்க்கதையப் பத்தி நம்ம பத்திரிகையில என்னத்துக்கு எழுதுறே?” என்று தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். முதலில் கதை.

வில்லியே தெ லீல்-ஆதாம் (1838-1889) பழைய பிரபுக் குடும்பத்துக்காரர். பட்டம் மிச்சமிருந்தது, கையில் காசில்லை. அவருடைய ‘வருங்கால ஏவாள்’ நாவல் 1886இல் புத்தகமாக வந்தது. கதாநாயகன் எடிசன். ஆமாம், போனோகிராப் கண்டுபிடித்த அதே எடிசன்தான். உயிரோடிருந்த ஆளைப் பாத்திரமாக்கிவிட்டு, ‘இது அவரைச் சுற்றி எழுந்த கட்டுக்கதை மட்டுமே’ என்ற பொருளில் முன்குறிப்பு எழுதித் தப்பித்துக்கொள்கிறார் ஆசிரியர்.

எவால்ட் என்று ஒரு இங்கிலீஷ் துரை. அலிசியா என்ற பாடகி மேல் பித்து. உடம்பு பளிங்குச் சிலை மாதிரி இருக்கு, மனசுதான் மட்டமா இருக்கு என்பது துரையின் குறை. அந்தக் குறைக்காகச் சாகப் போகிறான். அவளுக்கு அவனிடம் என்ன குறை என்று நாவலில் ஒருத்தரும் கேட்பதில்லை. அவள் உருவத்திலேயே ஒரு பொம்மை செய்து தருகிறேன் என்கிறார் எடிசன். சிலை என்று ஆசைகாட்டி அவளை நிற்க வைக்கிறார்கள். அவளுக்குத் தெரியாமலே குரலையும் பதிவு செய்கிறார்கள். பொம்மையின் நெஞ்சுக்குள் பொன்னில் செய்த போனோகிராப்கள். பெயர் ஹதாலி.

படைப்பாளியின் வெறியைச் சொல்லும் நாவல் என்று இதை வாசிப்பது வழக்கம். எனக்கு அந்த வெறி பெரிதாகத் தெரியவில்லை. பயமுறுத்தியது வேறொருத்தி. புருசன் தற்கொலை செய்துகொண்டதில் நொறுங்கி, தூக்கம் போன்ற நோயில் கிடக்கும் ஆண்டர்சன் அம்மாள். எடிசன் அவளை வசிய நிலையில் வைத்து வேலை வாங்குகிறார். கடைசியில் பொம்மைக்குள் உயிராய் இருந்தது அவள்தான் என்று தெரியவரும்போது செத்துக் கிடக்கிறாள். கப்பல் தீப்பிடித்து அலிசியாவும் போகிறாள், பொம்மையும் போகிறது. துரை பொம்மைக்கு மட்டும் அழுகிறான். உடம்பு ஒருத்தியுடையது, உயிர் இன்னொருத்தியுடையது. மேதை என்ற பெயர் மட்டும் எடிசனுக்கு.

இப்போது தோழருக்குப் பதில்.

நிஜ எடிசனின் கம்பெனியும் பேசும் பொம்மை செய்தது. நாவலாசிரியர் இறந்த மறுவருஷம், 1890இல், அது கடைக்கு வந்தது. தகர உடம்பு, ஜெர்மனியில் செய்த பீங்கான் தலை, வயிற்றுக்குள் குட்டி போனோகிராப். கைப்பிடியைச் சுற்றினால் குழந்தைப் பாட்டுச் சொல்லும். விலை 10 டாலர். ஒரு பதிவிலிருந்து பல நகல் எடுக்கும் வழி அப்போது கைக்கு வரவில்லை. ஆகவே ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு மனுஷி தனியாகப் பேசியாக வேண்டும். நியூஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் இளம்பெண்களை ஆளுக்கொரு தடுப்புக்குள் உட்கார வைத்தார்கள். அதே பாட்டு, அடுத்த உருளை, மறுபடி அதே பாட்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்த இரைச்சலை, 1890 ஏப்ரலில் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ பத்திரிகை வேடிக்கை மாதிரி எழுதியிருக்கிறது. அந்த வேடிக்கைக்குப் பெயர் கூலி வேலை. பொம்மையில் குத்தியிருந்த பெயர் எடிசன் கம்பெனியுடையது.

வியாபாரம் சில வாரம்தான் ஓடியது. மெழுகு தேய்ந்து குரல் கரகரத்தது, வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள்.

மிஞ்சிய உருளைகளில் சிலவற்றை ஊசி படாமல், ஒளியால் படித்துக் குரலை மீட்டு 2015இல் வெளியிட்டார்கள். ஒன்றில், தூங்கும் முன் குழந்தைகள் சொல்லும் பிரார்த்தனை. பேய்க்குரல் மாதிரி இருக்குன்னு கேட்டவங்க சொல்றாங்க. நானும் கேட்டேன். சில விநாடிதான். குழந்தை மாதிரி பேசச் சொல்லிய குரலில் வளர்ந்த பொம்பளை ஒருத்தி கத்துகிறாள். கத்தினால்தான் மெழுகில் பதியும்.