பாரமகாலும் பள்ளிச் செலவும்

தமிழகக் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பயிற்றுமொழியையும் பாடத்திட்டத்தையும் விரிவாக ஆராய்வர். பள்ளிக்குரிய பொருள் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருங்கச் சொல்லிச் செல்வர். ஆயினும் தொடக்கக் கல்வி பற்றி இந்நாட்டில் எழுந்த பெரும்பூசல்களின் அடியில் கிடப்பது பொருள் பற்றிய வினாவேயாகும். அவ்வினா கூர்மையுற்ற காலங்கள் சிலவற்றில் கிருட்டினகிரி, ஓசூர்ப் பகுதியோடு தொடர்புடையோரே முன்னிற்கின்றனர். அத்தொடர்பை வைத்துப் பள்ளிச் செலவின் வரலாற்றை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-இல், கிருட்டினகிரியை உள்ளிட்ட பாரமகால் நாடு கம்பெனியார் வசமாயிற்று. ஓசூர்ப் பகுதி திப்பு மாண்ட 1799-க்குப் பின்னரே வந்து சேர்ந்தது. பாரமகாலில் அலெக்சாந்தர் ரீடின் கீழ் நிலவரித் துறையிற் பயின்ற இளம் அலுவலருள் ஒருவர் தாமசு மன்றோ. இவரே பின்னாளிற் சென்னை ஆளுநராய் அமர்ந்து, 1822-இல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டார். 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன என்றும், அவற்றில் 1,88,650 பேர் பயின்றனர் என்றும் கணக்கு வந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி எனலாம்.

இவ்வெண்களை நம் பழம்பெருமைக்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். ஆனால் மன்றோ 1826-இல் எழுதிய குறிப்பில் வற்புறுத்துவது பிறிதொன்று. ஆசிரியர் பெரும்பாலும் மாதம் ஆறேழு உரூபாய்க்குமேல் ஈட்டுவதில்லை. அவ்வருவாய்க்குத் தகுதியுடையோர் வாரார். மக்களின் வறுமையும் ஆதரவின்மையுமே கல்வித் தாழ்வுக்குக் காரணம் என்பது அவர்தம் கருத்து. ஆதலின் மாவட்டத்துக்கு இரண்டாக 40 பள்ளிகளும், வட்டத்துக்கு ஒன்றாக 300 பள்ளிகளும் நிறுவி, ஆசிரியர்க்கு முறையே 15 உரூபாயும் 9 உரூபாயும் மாதந்தோறும் அரசே தருதல் வேண்டும் என்றார். நூற் கழகத்துக்குரிய உதவியும் சேர, ஆண்டுச் செலவு 48,000 உரூபாய். வரி கொள்வோர்க்கே கல்விச் செலவும் உரியது என்னும் கொள்கை இங்குத் தோன்றுகிறது. மன்றோ 1827-இல் மறைந்தார். ஆங்கிலக் கல்விக்கு முதன்மை தந்த 1830-களில் அப்பள்ளிகளும் கைவிடப்பட்டன.

இனி, அடுத்த நூற்றாண்டுக்கு வருவோம். 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இரட்டையாட்சியில் கல்வியும் மதுவரியும் இந்திய அமைச்சர் பொறுப்பில் விடப்பட்டன. விளைவு யாதெனில், கல்விக்கு வேண்டும் பொருள் கள்ளுக்கடை வருவாயினின்றே பெரிதும் வரலாயிற்று. மதுவை ஒழித்தாற் பள்ளி மெலியும். பள்ளியைப் பெருக்க வேண்டின் மது பெருகும். இம்முரண்பாட்டைக் காந்தியடிகள் நாட்டுக்கு நேர்ந்த இழுக்காகவே கருதினார்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராசகோபாலாச்சாரியார் 1937 சூலையில் மாகாண முதலமைச்சரானார். அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கிருட்டினகிரியும் ஓசூரும் அக்காலத்தில் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. மூன்று வாரங்கழித்து வார்தாவிற் கூடிய மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்டு தன் செலவைத் தானே ஓரளவு ஈட்டும் ஆதாரக் கல்வி ஆராயப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் தனித்தனியே நோக்குதல் பொருந்தாது. கள்வரி போனபின் பள்ளிக்குப் பொருள் ஏது என்னும் வினாவுக்குக் காந்தியடிகள் கண்ட விடை, மாணவர்தம் உழைப்பு. இராசாசி கண்ட விடை, 1939-இல் வந்த விற்பனை வரி. இரண்டனுள் நிலைத்தது பின்னையதே.

மாகாண முழுவதும் மதுவிலக்கு 1948-இல் நிறைவுற்றது. இரண்டாண்டிற்குள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு, பதினான்கு வயது வரையிற் கட்டாய இலவசக் கல்வியைப் பத்தாண்டிற்குள் வழங்க முயலுமாறு பணித்தது. வருவாய் ஒன்று அற்றது. கடமை ஒன்று ஏறியது. 1952-இல் மீண்டும் முதலமைச்சரான இராசாசி, 1953 சூனில் நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளிற் புதிய முறையொன்றைப் புகுத்தினார். மாணவர் இரு பிரிவாக நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பயில்வர். எஞ்சிய பொழுதிற் பெற்றோர் தொழிலைக் கற்பர். ஒரே கட்டடமும் ஒரே ஆசிரியரும் இருமடங்கு மாணவர்க்குப் போதும். பொருள் நோக்கிற் பார்ப்பின் இது சிக்கனமான ஏற்பாடே.

ஆனால் அச்சிக்கனத்தின் சுமை யார் தலையில் ஏறிற்று என்பதே எதிர்ப்பாளர் எழுப்பிய வினா. பெரியார் இதனைக் குலக்கல்வித் திட்டம் என்றார், அப்பெயரே நிலைத்தது. திராவிட முன்னேற்றக் கழகம் 1953 சூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் இஃது ஒரு முனை. பொதுவுடைமையரும் காங்கிரசாருட் பலரும் எதிர்த்தனர். சட்டமன்றத்திற் கடும்பூசல் விளைந்தது. பருலேகர் தலைமையில் அமைந்த வல்லுநர் குழு திட்டத்தைப் பெரிதும் ஆதரித்தது. எனினும் எதிர்ப்பு ஓயவில்லை. 1954 ஏப்பிரலில் இராசாசி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், மேத் திங்களில் திட்டம் கைவிடப்பட்டது.

இராசாசியின் நோக்கம் சாதியை நிலைநிறுத்துவதே என்பார் உளர். பணமுடையைத் தீர்ப்பதே என்பார் உளர். நோக்கம் எதுவாயினும் விளைவை ஆராய்தல் வேண்டும். தந்தையின் தொழில் பிறப்பால் வரையறுக்கப்பட்ட நாட்டில், பள்ளி நேரத்தைக் குறைத்துத் தந்தையின் தொழிலுக்கு விடுவது நடுநிலையான சிக்கனம் ஆகாது. ஊர் முனிசீபின் மகனாகிய இராசாசி தாமே ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் பயின்று வழக்கறிஞரானவர். அவ்வாய்ப்பு உழவர், வண்ணார், குயவர் மக்கட்கும் உரியதன்றோ என்னும் கேள்விக்குத் திட்டத்தில் விடை இல்லை.

காமராசர் காலத்திலும் கருவூலம் நிரம்பி வழியவில்லை. மாறியது பொருளைத் தேடிய திசை. 1956-இல் தொடங்கிய மதிய உணவு முதலிற் பொதுமக்கள் கொடையால் நடந்து, பின்னர் அரசின் உதவி பெற்றது. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலமும் கட்டடமும் தளவாடமும் வழங்கினர். மாணவர் நேரத்தைக் குறைத்துச் செலவை அடக்குவதன்று, ஊராரையும் செலவிற் பங்குகொள்ளச் செய்வதே இவ்வழி.

இதன் பயனை ஓசூரே பின்னாளிற் காட்டிற்று. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கு அமைந்தது. ஊர்திகள் செய்யும் ஆலைகள் வந்தன. 1984-இல் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் டாட்டா குழுமமும் கூடித் தோற்றுவித்த டைட்டன் நிறுவனம் ஓசூரிற் கடிகார ஆலை நிறுவியது. சுற்றுப்புற மாவட்டங்களிற் பள்ளிப்படிப்பு முடித்த இளைஞரைத் தேர்ந்து பயிற்சி அளித்தது. கடிகாரம் செய்தல் அவருள் எவர்க்கும் தந்தைவழித் தொழிலன்று. அவர்கட்கு மூலதனமாய் நின்றது பள்ளிக் கல்வியே.

பூசல் முற்றும் தீர்ந்துவிடவில்லை. 2024-இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திற்குரிய 2,152 கோடி உரூபாயை ஒன்றிய அரசு விடுவிக்காமை குறித்துத் தமிழ்நாட்டு அரசு முறையிட்டது; 2025-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அங்கும் கொள்கையும் பணமும் பின்னிக்கிடந்தன. மன்றோவின் 48,000 உரூபாய் முதல் இத்தொகை வரை அளவு பெரிதும் மாறிவிட்டது. வினா மட்டும் மாறவில்லை: ஏழைச் சிறுவன் பயிலும் பொழுதுக்கு விலை கொடுப்பவர் யாவர்? அரசு கொடாதபோது அதனைத் தன் எதிர்காலத்தால் அச்சிறுவனே கொடுக்க நேர்கிறது என்பது இவ்வரலாற்றால் அறியற்பாலதாம்.