வெயில், மூச்சு, பால்வெட்டு

ரம்புக்கனைப் பக்கம் ஏப்ரல் மாதம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மத்தியானமானா லயத்துத் தகரம் சூட்டுல படபடன்னு சத்தம் போடும். லீவுக்கு வந்திருந்த என் போனுக்கு கெம்பஸ் நண்பி ஒருத்தி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். கோடையில் உடம்பையும் மனசையும் குளிர்ச்சியா வச்சிருக்கும் சீகொங் பயிற்சி. கையை மெதுவா மேலே தூக்கி, மூச்சை விட்டுக்கிட்டே கீழே இறக்கணும். இஸ்தோப்புல நின்னு செஞ்சு பார்த்தேன். பால் வெட்டிட்டு அப்பதான் வந்த அம்மா, "யாருக்குடா கை காட்டுற?"ன்னு கேட்டாங்க.

அதோட விட்டிருக்கலாம். ஆனா படிக்கிறது வரலாறு. இது எங்கேருந்து வந்ததுன்னு தேடாம இருக்க முடியலை.

'சீ' என்றால் மூச்சு, உயிர்வளி. 'கொங்' என்றால் பழகிப் பழகி வரும் திறமை. பயிற்சி பழசு, ஆனா இந்தப் பெயர் பரவலானது 1950களில்தான். லியூ குய்ச்சென் என்ற கம்யூனிஸ்ட் கட்சி ஊழியர் வயிற்று நோயால் அவதிப்பட்டு, ஊர்ப்பெரியவர் ஒருவரிடம் மூச்சுப் பயிற்சி பழகிக் குணமானார். பழைய முறைகளில் இருந்த சாமி, மந்திரம் எல்லாத்தையும் கழிச்சிட்டு, அரசாங்க வைத்தியமா அதை மாத்தினதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பெய்தாய்ஹ என்ற கடற்கரை ஊரில் இதற்கென்றே ஒரு சுகவாச நிலையம் நடந்தது. அந்த ஊருக்கு இன்னொரு பெயரும் உண்டு: கோடை வந்தா கட்சித் தலைவர்கள் வெயிலுக்குத் தப்பிப் போற ஊர். அதாவது சீனாக்காரங்களோட நுவரெலியா. இதை நல்லா ஞாபகம் வச்சிக்கோங்க.

1950களுக்குப் பின்னால் போனா கதை இன்னும் சுவாரஸ்யம். 1973இல் சீனாவின் மவாங்துய் என்ற இடத்தில் கி.மு. 168ஆம் ஆண்டுக் கல்லறை ஒன்றைத் தோண்டினப்ப, பட்டுத்துணியில் வரைந்த ஒரு படம் கிடைத்தது. அதில் 44 உருவங்கள். ஆண், பெண், இளசு, கிழடு எல்லாரும் கையைக் காலை நீட்டி வளைச்சு நிக்கிறாங்க. சில உருவங்களுக்குப் பக்கத்தில் அது எந்த நோய்க்கு என்று எழுதியிருக்கு. உள்ளே ஏறின சூட்டை வெளியே இழுக்கிறதுக்கும் ஓர் அசைவு இருக்கு. என் நண்பி அனுப்பின வீடியோவுக்கு 2,100 வருசத்துக்கு மேல வயசு.

ஆனா என்னைப் புடிச்சு உட்கார வச்சது அந்தப் படமில்லை. 1983-84இல் சாங்ஜியாஷான் என்ற இடத்தில், ஒரு சின்ன அதிகாரியின் கல்லறையிலிருந்து எடுத்த மூங்கில் ஏடுகள். கி.மு. 186ஐ ஒட்டிய காலம். 'யின்ஷூ' என்று பெயர். உடம்பை நீட்டி இழுக்கும் பயிற்சிகளின் புத்தகம். தொடக்கத்திலேயே நாலு பருவத்துக்கும் எப்படி நடந்துக்கணும்னு சொல்லுது. கோடைக்குச் சொல்றதில் சில: நேரத்தோட எழும்பு, தலையை அடிக்கடி அலசு, மரக்கறி நிறையச் சாப்பிடு, காலையில் முகம் கழுவி, பல் விளக்கி, முடியை அவிழ்த்து விட்டு, முற்றத்தில் கொஞ்சம் நட, ஆறின பிறகு ஒரு கோப்பை தண்ணி குடி. நம்ம அம்மாயிமார் சொல்றதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பின்பகுதியில்தான் விசயம் இருக்கு. மனுசருக்கு ஏன் நோய் வருதுன்னு கேட்டுட்டு, அந்தப் புத்தகம் ரெண்டு பதில் சொல்லுது. பெரிய மனுசருக்கு நோய் வர்றது சந்தோசமும் கோபமும் சமநிலையில் இல்லாததால். கீழ்நிலை மக்களுக்கு நோய் வர்றது வேலைக் களைப்பால், பசியால், தாகத்தால். வேர்த்து விறுவிறுத்து அப்படியே தண்ணியில் இறங்குறாங்க, குளிர்ந்த தரையில் படுக்கிறாங்க என்கிறது. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே ஒருத்தன் வர்க்கத்தைப் பார்த்து நோயை எழுதியிருக்கான்னு நான் ஆச்சரியப்பட்டுக்கிட்டு இருக்கும்போதே, கூடவே ஒரு வரி வருது. மூச்சை ஊதி நோயை வெளியேத்த இவங்களுக்குத் தெரியாது, அதனால்தான் அடிக்கடி நோயாகிச் சீக்கிரம் சாகிறாங்களாம்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. காரணம் களைப்பு, பசி, தாகம்னு சரியா எழுதின அதே கை, பழியைத் தூக்கி அவங்க அறியாமை மேல போடுது!

நம்ம பக்கமும் பாருங்க. 1867இல் ரயில் கண்டிக்குப் போயிட்டது. ரம்புக்கனைக்கு அங்கால் கடுகண்ணாவை ஏத்தம். நீராவிக் காலத்தில் அதில் ஏற இங்கேதான் இன்னொரு எஞ்சினையும் கோத்து விடுவாங்க. 1885இல் பாதை நானுஓயா வரைக்கும் போனது. கொழும்பு வெள்ளைக்காரங்க ஏப்ரல் வெக்கைக்கு நுவரெலியா போக அது வசதியாப் போச்சு. குதிரை ஓட்டம், நடனம் என்று அங்கே 'சீசன்'. அதே காலத்துத் தொரைமார் எழுத்துகளில், தமிழ்க் கூலி வெயில் தாங்குவான் என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வரும். வெயில் அவங்களுக்கு வியாதி, நமக்குப் பழக்கம்.

இறப்பர் தோட்டத்தில் வெயிலைப் பார்த்து நேரம் குறிக்கிறது உண்டு. ஆனா அது மரத்துக்கு. 1876இல் ஹெனரத்கொடைக்குக் கன்றுகளாக வந்த பிரேசில் மரம் இது. விடியக்காலைக் குளிர்ச்சியில் பட்டைக்குள் அழுத்தம் கூடுதலா இருக்கும், பால் நல்லா ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனாலதான் பெரட்டு நேரத்தோட. வெட்டி முடிஞ்சதும் மரத்துக்கு ஓய்வு. பிறகு செரட்டை செரட்டையாப் பாலைச் சேர்த்து, வாளியைத் தூக்கிக்கிட்டு நிறுக்கப் போற நேரத்துக்கு வெயில் உச்சிக்கு வந்துடும். அப்ப தூக்குறது மனுசர்.

மூச்சுப் பயிற்சியே வீண்னு நான் சொல்ல வரலை. நம்மகிட்டயும் சீதளி இருக்கு. 15ஆம் நூற்றாண்டு ஹட யோக பிரதீபிகையில் வரும். நாக்கைக் குழலா மடிச்சு வாயால் காற்றை இழுத்து மூக்கால் விடுறது. நாக்கு ஈரத்தில் பட்டு காற்று குளிரும், படபடப்பு அடங்கும். ஆனா உடம்புச் சூடு இறங்க வேர்வை காயணும். எங்க பக்கத்துக் காற்றே ஈரம். வேர்வை வழியுமே தவிர லேசில் காயாது. அதுக்கு நிழல் வேணும், காத்தோட்டம் வேணும், தண்ணி வேணும், முக்கியமா வேலையை நிப்பாட்டிட்டு உட்கார நேரம் வேணும். நாள் பேருக்குக் கிலோ கணக்குப் பார்க்கிற இடத்தில் அந்த நேரத்தை யார் தருவா?

இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன், மூங்கில் ஏட்டில் இருக்கிற அந்தக் கடைசி வரியையும் சேர்த்து. "தெரியாதுன்னா எழுதியிருக்கான்?"னு கேட்டாங்க. வேற ஒன்னும் சொல்லலை. பின்பக்கம் பலா மரத்தடிக்குப் போய் கால் முகம் கழுவி, கொண்டையை அவிழ்த்து விட்டு, கல்லுல உட்கார்ந்தாங்க. நான் செம்பில் தண்ணி கொண்டு போனேன். வாங்கிப் பக்கத்தில் வச்சிட்டு, "கொஞ்சம் ஆறட்டும்"னாங்க.