படத்தொகுப்பு மேசையின் வழிமரபு: ஏ. பீம்சிங்கின் திரைவாழ்வும் ‘பா வரிசை’ வாசிப்பும்

ஏ. பீம்சிங்கின் (1924–1978) திரைவாழ்வைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட நினைவுக் கட்டுரைகளும் தொகுப்பு நூல் குறிப்புகளும் பெரும்பாலும் ஒரே வாசிப்பின் கிளைகளாகவே அமைந்துள்ளன. அவ்வாசிப்பின்படி, சிவாஜி கணேசனை நாயகனாகக் கொண்டு ‘ப’, ‘பா’ ஆகிய எழுத்துகளில் தொடங்கும் தலைப்புகளோடு எடுத்த குடும்பக் கதைகளே அவருடைய சாதனை. அதனைத் தொடர்ந்த இந்திப் படங்கள் பிழைப்புக்கான மறுபதிப்புகள். ஜெயகாந்தனின் எழுத்தை எடுத்தாண்ட இறுதிக் காலப் படங்கள் முந்தைய மிகையுணர்ச்சிக்குச் செய்த ஒரு கழுவாய். எளிதாக நினைவில் நிற்பதால் பரவிய இவ்வாசிப்பு (வசதிக்காக இங்கு ‘பா வரிசை வாசிப்பு’ எனப்படும்) ஒரே மனிதரின் இருபத்து நான்கு ஆண்டுத் தொழிலை ஒன்றோடொன்று தொடர்பற்ற மூன்று துண்டுகளாக்கிவிடுகிறது. அவருடைய குடும்பத்தில் அவருக்கு முன்னும் பின்னும் திரைத்தொழில் செய்தவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை என்பது அதனினும் பெரிய குறை.

முதலில் எழுத்துக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். வரிசையில் வழக்கமாகச் சேர்க்கப்படும் பதிபக்தி (1958), படிக்காத மேதை (1960), பந்தபாசம் (1962), படித்தால் மட்டும் போதுமா (1962), பச்சை விளக்கு (1964), பழநி (1965) ஆகியவை ‘ப’ என்ற குறிலில் தொடங்குபவை. பாகப்பிரிவினை (1959), பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் (மூன்றும் 1961), பார்த்தால் பசி தீரும் (1962), பார் மகளே பார் (1963) ஆகியவையே நெடிலில் தொடங்குபவை. குறிலையும் நெடிலையும் ஒன்றாக்கினாலும், அதே காலத்தில் அவர் இயக்கிய திருமணம் (1958), களத்தூர் கண்ணம்மா (1960), சாந்தி (1965) ஆகியவை வரிசைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. களத்தூர் கண்ணம்மாவில் சிவாஜி இல்லை. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்து, கமல்ஹாசன் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமான ஏவி.எம். படம் அது, டி. பிரகாஷ் ராவ் தொடங்கியதைப் பீம்சிங் ஏற்று முடித்தார். ஆனால் குடும்பம் பிரிந்து சேர்வது என்ற பொருளில், வரிசையில் உள்ள எந்தப் படத்துக்கும் அது அயலானதன்று. ஆகவே தலைப்பெழுத்து, படங்களைப் பொருளாலும் வகைப்படுத்தவில்லை, நடிகராலும் வகைப்படுத்தவில்லை.

தலைப்பெழுத்தை இயக்குநரின் கலைக்கொள்கை போலக் கொள்வதில் மற்றொரு இடர்ப்பாடும் உண்டு. பாகப்பிரிவினையும் பாலும் பழமும் ஜி. என். வேலுமணியின் சரவணா பிலிம்ஸ் தயாரிப்புகள்; பாவமன்னிப்பு பீம்சிங்கின் சொந்த நிறுவனமான புத்தா பிக்சர்ஸ் ஏவி.எம்.முடன் இணைந்து எடுத்தது. வெவ்வேறு முதலாளிகள் ஒரே எழுத்தை விரும்பினார்கள் என்றால், அதனை வென்ற படத்தின் ராசியைத் தொடர விரும்பும் வணிக வழக்கமாகக் கொள்வதே பொருந்தும். விளம்பரத் தாளுக்குரிய ஒரு வழக்கம் வரலாற்று நூலுக்குள் வகைப்பாடாக நுழைந்துவிட்டது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

இவ்வாசிப்பு காணத் தவறிய தொடர்ச்சி படத்தொகுப்பில், அதாவது எடிட்டிங் அறையில், இருக்கிறது. பீம்சிங் திரைத்துறைக்குள் நுழைந்தது கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையரிடம் உதவிப் படத்தொகுப்பாளராக. பின்னர் அவர்களிடமே உதவி இயக்குநரானார். இரட்டையருள் ஒருவரான ஆர். கிருஷ்ணனின் தங்கையை மணந்து அவருக்கு மைத்துனருமானார். அவ்விரட்டையருள் மற்றவரான எஸ். பஞ்சு இயக்குநராக மட்டுமின்றிப் படத்தொகுப்பாளராகவும் இயங்கியவர். 1952இல் வெளிவந்த பராசக்தியின் படத்தொகுப்புக்கு ‘பஞ்சாபி’ என்ற பெயர் காணப்படுகிறது. அது பஞ்சுவின் புனைபெயர். இயக்கத்துக்கு இரட்டைப் பெயரும் தொகுப்புக்கு மாற்றுப்பெயரும் இட்டுக்கொண்ட இவ்வழக்கம், ஒரே கை இரண்டு வேலையையும் செய்ததை மறைத்துவிட்டது. உரையாடலுக்காகவே பேசப்படும் அப்படத்தின் வரலாற்றில், அவ்வுரையாடலை எந்த இடத்தில் வெட்டி எந்த முகத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்தவர் யார் என்ற கேள்வி எழாமற்போனதற்கு இம்மறைப்பும் ஒரு காரணம் எனலாம்.

பீம்சிங் மறைக்கவில்லை. அம்மையப்பன் (1954) மூலம் இயக்குநரான பின்னரும் அவர் படத்தொகுப்பைக் கைவிடவில்லை என்பதற்குப் பாவமன்னிப்பின் பெயர்ப் பட்டியல், அதாவது டைட்டில் கார்டு, முதன்மைச் சான்றாகிறது. படத்தொகுப்பு என்ற தலைப்பின்கீழ் அங்கு மூன்று பெயர்கள் உள்ளன: ஏ. பீம்சிங், ஏ. பால் துரைசிங்கம், ஆர். திருமலை. இயக்குநரே தொகுப்பாளர்களுள் ஒருவர் என்று அறிவிக்கும் இந்த வரி, பா வரிசை வாசிப்பைப் பின்பற்றுவோர் தாண்டிச் சென்றுவிடும் வரியாகும். இதனைச் சம்பிரதாயமான மரியாதைப் பதிவு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இயக்குநர் என்ற முழுப் பெருமையும் ஏற்கெனவே உள்ள ஒருவருக்கு, இரண்டு துணைவர்களோடு ஒரே கார்டில் நிற்பதால் கூடுதல் மரியாதை எதுவும் வந்துவிடாது. உழைப்பு இருந்தாலன்றி அப்பெயர் அங்கு இருக்கக் காரணமில்லை.

டைட்டில் கார்டு தனியே நின்று எல்லாவற்றையும் நிறுவிவிடாது என்பதும் உண்மையே. ஜவ்வாது மலை அடிவாரத்துச் செங்கம் வட்டார நடுகற்களைப் படிப்போர் அறிந்த ஓர் இடர் இங்கும் உண்டு: அக்கற்களின் வட்டெழுத்துப் பொறிப்பு, பல்லவ அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில் இன்னார் ஆநிரை மீட்டுப் பட்டார் என்று சொல்லும், ஆட்சியாண்டை நாம் அறிந்த ஆண்டாக மாற்றுவதும், பொறித்தவன் சொல்லாமல் விட்டதை உய்த்துணர்வதும் படிப்பவர் பொறுப்பு. டைட்டில் கார்டும் யார் பெயர் என்று சொல்லுமே ஒழிய, எந்த ரீலில் யார் கை பட்டது என்று சொல்லாது. அதற்குப் படத்தையே சான்றாக்க வேண்டும்.

பாவமன்னிப்பின் கதையமைப்பை இந்நோக்கில் பார்க்கும்போது அதன் கடினம் புலப்படும். இந்து, இஸ்லாமிய, கிறித்தவ வீடுகளில் வளரும் பிள்ளைகளின் வாழ்வு தனித்தனி இழைகளாக ஓடி, பிறப்பின் உண்மை வெளிப்படும் இடத்தில் ஒன்றுசேர வேண்டும். ஓர் இழையை அதிக நேரம் விட்டுவிட்டால் பார்வையாளர் அதனை மறந்துவிடுவர்; அடிக்கடி திரும்பினால் எந்த வீடும் மனத்தில் ஊன்றாது. இது முதன்மையாக எழுத்தின் சிக்கல் அன்று, தொகுப்பின் சிக்கல். 1961ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் இரண்டாவது சிறந்த படத்துக்கான தகுதிச் சான்றிதழ் இப்படத்துக்குக் கிடைத்தது. மத நல்லிணக்கக் கருத்தே அதற்குக் காரணமாகப் பேசப்பட்டு வந்துள்ளது என்றாலும், அக்கருத்தைப் பிரசங்கமாக்காமல் கதையாக வைத்திருப்பது அந்த இழைப்பின்னல்தான்.

பாசமலரின் தாலாட்டுக் காட்சி இதனினும் வலுவான சான்று. கொட்டாரக்கராவின் கதையும் ஆரூர்தாஸின் உரையாடலும் விசுவநாதன்–ராமமூர்த்தியின் இசையும் கண்ணதாசனின் பாடலும் இப்படத்தின் புகழுக்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டு வந்துள்ளன, ஜி. விட்டல் ராவின் ஒளிப்பதிவு சிறிதளவே பேசப்பட்டது. தொகுப்பு பேசப்படவே இல்லை. அண்ணனும் தங்கையும் தத்தம் குழந்தையைத் தூங்கவைக்க ஒரே தாலாட்டைப் பாடும் அக்காட்சியில், டி. எம். சௌந்தரராஜனின் குரலும் பி. சுசீலாவின் குரலும் மாறி மாறி வர, படம் அவனிடமிருந்து அவளுக்கும் அவளிடமிருந்து அவனுக்கும் தாவுகிறது. இரண்டு இடங்களில் நடப்பதை மாற்றி மாற்றிக் காட்டி ஒரே பொழுதாக உணர்த்தும் இம்முறையை இணைவெட்டு எனலாம். பொதுவாகத் துரத்தல் காட்சிகளில் பதற்றம் கூட்டப் பயன்படும் உத்தி இங்கு அதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது: ஒருவர் முகத்தை ஒருவர் காணாதவர்கள் வெட்டின் வழியாக மட்டுமே சந்திக்கிறார்கள். சிவாஜியின் நடிப்பும் சாவித்திரியின் நடிப்பும் தனித்தனியே எவ்வளவு சிறந்தவையானாலும், அவர்களுக்கிடையே உள்ள தூரம் நடிப்பில் இல்லை, தொகுப்பில் இருக்கிறது. ‘மிகையுணர்ச்சி’ என்று பா வரிசை வாசிப்பு பெயரிட்டு ஒதுக்குவது இத்தகைய கணக்கிட்ட கட்டமைப்பின் விளைவையே.

இந்திப் படங்களைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. களத்தூர் கண்ணம்மா ‘மே சுப் ரஹூங்கி’ (1962) ஆகவும், பாசமலர் ‘ராக்கி’ (1962) ஆகவும், பாகப்பிரிவினை ‘கான்தான்’ (1965) ஆகவும், படிக்காத மேதை ‘மெஹர்பான்’ (1967) ஆகவும் அவராலேயே மீண்டும் எடுக்கப்பட்டன. தன் படத்தையே வேறு நடிகர்களோடு, வேறு பாடல்களோடு மறுபடி கட்டும் வாய்ப்பு ஓர் இயக்குநருக்குச் சலிப்பூட்டலாம். தொகுப்பாளருக்கு அது தன் வெட்டுகளைச் சரிபார்க்கும் வாய்ப்பாகும். தமிழ், இந்திப் பிரதிகளைக் காட்சி காட்சியாக ஒப்பிடும் ஆய்வு இன்னும் முறையாகச் செய்யப்படவில்லை என்பதால், இக்கூற்றை ஒரு கருதுகோளாக மட்டுமே வைக்க இயலும்.

ஜெயகாந்தன் படங்களுக்கு வரும்போது ஆண்டுச் சிக்கல் ஒன்று குறுக்கிடுகிறது. சில நேரங்களில் சில மனிதர்கள் சில பட்டியல்களில் 1976 என்றும் சிலவற்றில் 1977 என்றும் காணப்படுகிறது. இதில் நடித்த லட்சுமிக்குக் கிடைத்த சிறந்த நடிகைக்கான தேசிய விருது 1976ஆம் ஆண்டுப் படங்களுக்கானது. தேசிய விருதுகள் படம் திரையரங்குக்கு வந்த நாளைக் கொண்டன்றித் தணிக்கைச் சான்றிதழ் பெற்ற ஆண்டைக் கொண்டு வழங்கப்படுவதால், 1976 சான்றிதழின் ஆண்டு என்றும் 1977 திரையீட்டின் ஆண்டு என்றும் கொண்டால் இரண்டு பதிவுகளும் முரணின்றிப் பொருந்தும். இது ஓர் ஊகமே எனினும் ஒன்றைப் பிழை என்று தள்ளுவதினும் மேலானது.

இப்படத்தைப் பீம்சிங்கின் திருப்பமாகக் காண்போர், அதன் மூலக்கதை வளர்ந்த விதத்தைக் கருத வேண்டும். ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதையில், மழைநாளில் காரில் ஏற்றிச் செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் மகளின் தலையில் தாய் நீரூற்றித் தூய்மையாக்கிவிடுகிறாள். தாய் அவ்வாறு செய்யாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற வினாவிலிருந்து ‘காலங்கள் மாறும்’ என்ற தொடர்கதை எழுந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலாகி 1972இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. நாவலுக்குள் அச்சிறுகதையே ஒரு பாத்திரம் எழுதியதாக இடம்பெற, நாவலின் நாயகி கங்கா அதனைப் படித்துத் தன்னை அடையாளம் காண்கிறாள். படத்தில் அந்த எழுத்தாளராக நாகேஷ் நடித்தார். ஆக, நடந்ததும் எழுதப்பட்டதும், நேற்றும் இன்றும், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் கதை இது. பாவமன்னிப்பில் வீடுகளுக்கிடையே செய்ததை இங்குக் காலங்களுக்கிடையே செய்ய வேண்டியிருந்தது. இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: திரைக்கதையும் உரையாடலும் ஜெயகாந்தனுடையவை, அவரோ உன்னைப்போல் ஒருவன் (1965) படத்தைத் தாமே இயக்கியவர், எனவே கட்டமைப்பின் பெருமை எழுத்தாளருக்கே உரியது எனலாம். அம்மறுப்பை முழுதும் தள்ள முடியாது. ஆயினும் இத்தகைய கதையை ஏற்கத் துணிந்தவர் பிரிந்த இழைகளைச் சேர்த்தே தொழில் கற்றவர் என்பதும், மீண்டும் ஜெயகாந்தனின் கதையாகிய ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள் (1978) படத்தை எடுத்தார் என்பதும் ‘கழுவாய்’ விளக்கத்தைப் பலவீனமாக்குகின்றன. 1978 ஜனவரி 16இல் பீம்சிங் காலமானார்.

அவருடைய மக்களுள் இருவர் திரைத்தொழிலை இரண்டாகப் பகுத்துக்கொண்டனர். பி. கண்ணன் ஒளிப்பதிவாளராகி, நிழல்கள் (1980) முதலாகப் பாரதிராஜாவின் படங்கள் பலவற்றுக்குப் பணியாற்றி 2020இல் மறைந்தார். பி. லெனின் தந்தையின் மேசைக்கே சென்றார். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவி மகேந்திரன் இயக்கிய உதிரிப்பூக்கள் (1979) அவர் தொகுத்தது, வி. டி. விஜயனோடு இணைந்து நாயகன் (1987) முதலிய படங்களைத் தொகுத்து, காதலன் (1994) படத்துக்குத் தேசிய விருதும் பெற்றார். பஞ்சுவிடமும் பீம்சிங்கிடமும் கண்ட வழக்கம், அதாவது தொகுப்பாளர் இயக்குநராவது, இங்கு மூன்றாம் முறையாக நிகழ்ந்தது: குத்துச்சண்டை வீரர் ஒருவரைப் பற்றிய நாக் அவுட் (1992) குறும்படத்துக்கும், மரண தண்டனையை மையமாகக் கொண்ட ஊருக்கு நூறு பேர் படத்துக்கும் அவர் தேசிய விருதுகள் பெற்றார். பின்னது ஜெயகாந்தனின் படைப்பே. 2001ஆம் ஆண்டுக்கான சிறந்த இயக்குநர் விருதை அது பெற்றுத் தந்தது. படத்துக்குரிய ஆண்டோ சில பட்டியல்களில் அதற்குப் பிந்தியதாக உள்ளது. தந்தையின் ஜெயகாந்தன் படத்தில் கண்ட அதே சிக்கல், அநேகமாக அதே காரணத்தால், மகனின் படத்திலும் நேர்ந்திருக்கிறது.

மகன் தந்தையிடமிருந்து பெற்றது ஜெயகாந்தன் மீதான ஈடுபாடா, வெட்டும் முறையா என்ற வினாவுக்கு இப்போதுள்ள சான்றுகள் தீர்ப்பளிக்கப் போதா. இரண்டும் என்பதே இக்கட்டுரையின் சாய்வு. முன்னதற்குத் தலைப்புகளே சான்று, பின்னதற்குப் படங்களை ரீல் ரீலாக அளக்க வேண்டும். அந்த வேலைக்கு முதல் தடையாக இருப்பது எளிய ஒன்று: படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழும் அதனையடுத்த டைட்டில் கார்டுகளும் தொலைக்காட்சிப் பிரதிகளிலும் குறுந்தகடுகளிலும் பெரும்பாலும் வெட்டப்பட்டுவிடுகின்றன. சான்றிதழ் எண், தேதி, ரீல் எண்ணிக்கை, படத்தின் நீளம் ஆகிய அனைத்தும் அந்தச் சில நொடிகளில்தான் உள்ளன. மூலப் பிரதிகளை வைத்திருக்கும் நிறுவனங்களும் ஆவணக் காப்பகங்களும் பீம்சிங் படங்கள் அனைத்தின் அப்பகுதியை மட்டுமேனும் எழுத்துப்பெயர்த்து வெளியிட வேண்டும்.