தூரத்துக்கு விலை போட்ட காலம்

வீட்டில் இணையம் வழியாகத் தொலைபேசியில் பேசுவதால் என்ன பயன் என்று கேட்டால், காசு மிச்சம் என்பதே முதல் பதிலாக வரும். அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் நடந்த மாற்றத்தின் அளவு புரியாது. தொலைபேசி வந்த நாள் முதல் குடும்பங்களின் பேச்சைத் தூரமும் நிமிடமும் ஆண்டுவந்தன. யார் எவ்வளவு நேரம் யாரோடு பேசலாம் என்பதை அவையே தீர்மானித்தன. அவற்றின் பிடியிலிருந்து வீட்டை விடுவித்தது இணையத் தொலைபேசி. அந்த விடுதலைக்குத் தொழில்நுட்பம் மட்டும் போதவில்லை, சட்டமும் இடம்விட வேண்டியிருந்தது என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

சென்னைக்குத் தொலைபேசி 1880களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனாலும் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்கும் வழக்கம் பல தலைமுறைகளுக்கு நீடித்தது. அவசர அழைப்புக்குக் கூடுதல் கட்டணம். 'லைட்னிங் கால்' என்றால் அதைப்போலப் பல மடங்கு. 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே நேரடியாக எண் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி தொடங்கியது. எனினும் வீட்டு இணைப்புக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1984இல் சி-டாட் என்னும் தொலைத்தொடர்பு ஆய்வு மையம் நிறுவப்பட்டு உள்நாட்டு இணைப்பகங்கள் உருவான பிறகுதான் தெருவுக்குத் தெரு மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. பூத் முளைத்தது. இரவு முதிர முதிரக் கட்டணம் பாதியாகவும் கால்வாசியாகவும் குறையும் என்பதால் அங்கே கூட்டம் இரவில்தான் கூடும். பெண் பார்த்த சேதி, பிரசவச் சேதி, சாவுச் சேதி எல்லாமே வரிசையில் நிற்பவர் காதில் விழத்தான் பேசப்பட்டன. கண்ணெதிரே மீட்டரில் எண்கள் ஏறிக்கொண்டிருக்கும். வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் நெடும்பேச்சைக் கேசட்டில் பதிந்து, ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்பினார்கள். 1990களின் இறுதியிலும் அமெரிக்காவுக்கு ஒரு நிமிடம் பேச ஐம்பது ரூபாய்க்கு மேல் ஆனது.

பழைய முறையில் ஒரு அழைப்புக்கென்று ஒரு தடம் முழுவதுமாக ஒதுக்கப்படும். இரு பக்கமும் பேசாமல் இருந்தாலும் அந்தத் தடம் பிறருக்குப் பயன்படாது. மௌனத்துக்கும் கட்டணம் உண்டு. இணையமோ குரலைச் சிறுசிறு பொட்டலங்களாக்கி மற்றத் தரவுகளோடு கலந்து அனுப்புகிறது. அங்கே பக்கத்துத் தெருவும் நியூயார்க்கும் ஒன்றுதான். இந்த முறை அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்கிடையே 1974இலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. 1995இல் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் வீட்டுக் கணினிக்கான மென்பொருளாக அதை விற்றது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான். ஆனால் 1999ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புக் கொள்கை இணையத் தொலைபேசியை அனுமதிக்கவில்லை. வெளிநாட்டு அழைப்பில் வி.எஸ்.என்.எல். நிறுவனம் கொண்டிருந்த ஏகபோகம் முடிந்த மறுநாள், 2002 ஏப்ரல் 1 அன்று, கதவு திறந்தது, அதுவும் ஒருக்களித்துத்தான். கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம். மதுரையில் கணினி முன் அமர்ந்தவர் சென்னையிலுள்ள தொலைபேசியை அழைக்கக்கூடாது! எஸ்.டி.டி. வருமானத்தைக் காக்க எழுப்பிய சுவர் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

2003இல் ஸ்கைப், 2015இல் வாட்ஸ்அப் அழைப்பு, 2016இல் ஜியோவின் வருகையால் மலிந்த தரவு என்று அடுத்தடுத்து வந்தபோது வீட்டுப் பேச்சின் இயல்பே மாறியது. சேதி சொல்ல மட்டும் அழைத்தவர்கள், சேதி ஒன்றும் இல்லாதபோதும் அழைத்தார்கள். சமைத்துக்கொண்டே பேசலாம், பேரன் தவழ்வதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். காது கேளாதோருக்குப் பெரும்பாலும் பயன்படாமலிருந்த கருவி, படம் வந்ததும் சைகைமொழிக்கும் உரியதாயிற்று. இந்த மாற்றங்களிலேயே மிகப் பெரியது இதுதான் என்பேன்.

மறுப்புகளும் உண்டு. செப்புக்கம்பித் தொலைபேசிக்கு இணைப்பகத்திலிருந்தே மின்சாரம் வரும். ஊர் இருண்டாலும் அது பேசும். இணையத் தொலைபேசியோ மோடம் அணைந்தால் ஊமை. வாட்ஸ்அப்பிலிருந்து 108 ஆம்புலன்ஸை அழைக்கவும் முடியாது. இது கனமான குறை. ஆகவே வீட்டில் சாதாரண இணைப்பு ஒன்று இருந்தே தீரவேண்டும். மாற்றுத்திறனாளிகள் பலருக்குப் பிழைப்புத் தந்த பூத்துகள் அழிந்தனவே என்பார்கள். அந்த இழப்பு உண்மை. ஆனால் பூத்துகளைக் காலி செய்தது கைப்பேசி, இணைய அழைப்பு பரவுமுன்பே அவை மூடத் தொடங்கிவிட்டன. தனியார் செயலியை நம்பலாமா என்ற கேள்விக்கும் நியாயம் இருக்கிறது. ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. ஆனால் அதைப் பயன்படுத்திய குடும்பங்கள் பேச்சை இழக்கவில்லை, வேறு செயலிக்கு மாறிக்கொண்டன. ஏகபோகத்தின்கீழ் அப்படி மாற வழியே இருந்ததில்லை.

சட்டத்தின் கை இன்னும் பல இடங்களில் இறுகியே இருக்கிறது. சவூதி அரேபியா இணைய அழைப்புகளுக்கு விதித்திருந்த தடையை 2017இல் தளர்த்தியது. ஐக்கிய அரபு அமீரகத்திலோ உரிமம் பெற்ற சில செயலிகளைத் தவிர மற்றவற்றில் குரல் அழைப்பு இன்றும் முடக்கப்பட்டிருக்கிறது. அங்கே உழைக்கும் பல்லாயிரம் தமிழர்கள் வீட்டோடு தடையின்றிப் பேச வேண்டும். இந்திய அரசு அந்நாட்டோடு நடத்தும் பேச்சுவார்த்தைகளில் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும்.