வேலையிழப்பு உதவிச் சேவை

வேலையிழப்பு உதவிச் சேவை என்பது ஆட்குறைப்பு, ஆலை மூடல், ஒப்பந்த முடிவு போன்ற காரணங்களால் வேலையை இழந்தவர்கள் அடுத்த வேலையை அல்லது வேறொரு பிழைப்பை அடையும் வரை அவர்களுக்குத் துணைநிற்கும் தொழில் ஆகும். இதனை மறுபணி உதவி எனவும் கூறுவர். வேலைவாய்ப்பு முகமையிலிருந்து இது வேறுபட்டது. முகமை என்பது காலியிடம் வைத்திருக்கும் முதலாளிக்காக ஆள் தேடுவது. இச்சேவையோ வேலையிழந்த ஆளுக்காக இடம் தேடுவதுடன், அவருக்கு வரவேண்டிய பணத்தைப் பெற்றுத் தருதல், மறுபயிற்சி, மனத்துணை ஆகியவற்றையும் உள்ளடக்கியது.

மேலை நாடுகளில் இது நன்கு வேரூன்றிய தொழில். இந்தியாவில் பெரும்பாலும் பெருநிறுவன அலுவலர்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் இதன் தேவை மிகுதி. ஆனால் அங்கு இதனை நடத்தும் முறை வேறாகவே இருக்க வேண்டும்.

தோற்றம்

இத்தொழில் 1960களில் ஐக்கிய அமெரிக்காவில் உருவானது. அக்காலத்தில் சேம்சு சேலஞ்சர் தொடங்கிய நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. பணிநீக்கம் செய்யும் நிறுவனமே கட்டணத்தைச் செலுத்தும், நீக்கப்பட்டவர் சேவையைப் பெறுவார் என்பது இதன் அடிப்படை ஏற்பாடு. வழக்குகளைத் தவிர்ப்பதும், எஞ்சியிருக்கும் ஊழியர்களின் நம்பிக்கையைக் காப்பதும் நிறுவனங்களுக்குக் கிடைக்கும் பயன்கள்.

சுவீடனில் வேறொரு வழி பின்பற்றப்படுகிறது. அங்கு 1974 இல் முதலாளிகள் கூட்டமைப்பும் அலுவலர் தொழிற்சங்கங்களும் ஒப்பந்தம் செய்து வேலைப் பாதுகாப்பு மன்றம் ஒன்றை நிறுவின. உறுப்பு நிறுவனங்கள் தம் சம்பளத் தொகையில் ஒரு சிறு பங்கை ஆண்டுதோறும் இதற்குச் செலுத்துகின்றன. ஆட்குறைப்பு நேரும்போது மன்றத்தின் ஆலோசகர்கள் உதவிக்கு வருவர். இலாப நோக்கற்ற இம்மன்றம் சிறிய நிறுவனத்தின் ஊழியருக்கும் பெரிய நிறுவனத்தின் ஊழியருக்கும் ஒரே சேவையை அளிக்கிறது. கையால் உழைக்கும் தொழிலாளர்களுக்கு இத்தகைய ஏற்பாடு 2004 இல்தான் வந்தது.

இந்தியாவில் பொருளாதாரத் தாராளமயத்தைத் தொடர்ந்து 1992 இல் தேசிய புத்தாக்க நிதி ஏற்படுத்தப்பட்டது. நலிந்த ஆலைகளின் தொழிலாளருக்கு மறுபயிற்சி அளிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. நடைமுறையில் பெரும்பகுதி விருப்ப ஓய்வுத் தொகை வழங்கவே செலவானது. அந்நிதி 2000 இல் கைவிடப்பட்டது. அதன்பின், மத்திய பொதுத்துறை நிறுவனங்களிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றோருக்காக ஆலோசனை, மறுபயிற்சி, மறுபணியமர்த்தல் என்னும் மூன்றும் சேர்ந்த திட்டம் 2001-02 முதல் நடைபெற்றது.

மரியந்தால் ஆய்வு

வேலையிழப்பு பற்றிய ஆய்வுகளில் மிகவும் புகழ்பெற்றது ஒரு நெசவாலை ஊரைப் பற்றியது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியந்தால் என்னும் சிற்றூர் ஒரே ஆலையை நம்பி வாழ்ந்தது. 1929-30 இல் அது மூடப்பட்டதும் ஏறத்தாழ ஊர் முழுவதும் வேலையிழந்தது. மேரி யகோடா, பவுல் லாசர்சுபெல்டு, ஆன்சு சைசல் ஆகியோர் அங்கு நடத்திய ஆய்வு 1933 இல் நூலாக வெளிவந்தது.

ஓய்வு நேரம் பெருகியபோதும் நூலகத்தில் நூல் எடுப்போர் குறைந்தனர். ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தனர், அடிக்கடி நின்றனர். பலர் கைக்கடிகாரம் அணிவதை விட்டனர். நாள் என்பது எழுதல், உண்ணல், உறங்கல் என மூன்று புள்ளிகளாகச் சுருங்கியது. பெண்களுக்கு வீட்டு வேலை இருந்ததால் அவர்கள் நாள் அவ்வாறு சிதையவில்லை. கூலியைத் தவிர நேர ஒழுங்கு, பிறருடன் பழக்கம், ஊரில் மதிப்பு ஆகியவற்றையும் வேலை தருகிறது என்று யகோடா பிற்காலத்தில் விளக்கினார். உதவிச் சேவை என்பது பணத்தைப் பெற்றுத் தருவதோடு முடிவதில்லை என்ற கருத்துக்கு இதுவே அடிப்படை.

ஆய்வாளர்கள் ஊருக்குள் வெறும் பார்வையாளராகச் செல்லவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. துணி வழங்கல், மருத்துவ ஆலோசனை போன்ற ஏதேனும் ஒரு பயன் அளித்தே ஒவ்வொருவரும் மக்களை அணுகினர்.

திருப்பூரில் வேலையிழப்பு

மண்ணரை திருப்பூரின் கிழக்குப் பகுதியில் ஊத்துக்குளிச் சாலையை ஒட்டியுள்ளது. ஊராட்சியாக இருந்த இப்பகுதி 2011 இல் திருப்பூர் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. சாயக் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுள் ஒன்று இவ்வூரின் பெயரிலேயே அமைந்தது.

இங்கு வேலையிழப்பு ஒரு கடிதமாக வருவது அரிது. "ஆர்டர் இல்லை, வந்தால் சொல்லி அனுப்புகிறோம்" என்ற சொல்லே பணிநீக்கம். பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக், பேட்லாக் தையற்காரர்கள் பலர் பீஸ்ரேட்டுக்கு உழைப்பவர்கள். செக்கிங், கைமடி, அயர்னிங் ஆட்கள் ஷிப்ட் கணக்கில் வாரக் கூலி பெறுபவர்கள். இடையில் ஒப்பந்தக்காரர் ஒருவர் இருப்பின், தொழிலாளிக்குத் தாம் எந்தக் கம்பெனியின் ஆள் என்பதே தெளிவாகத் தெரிவதில்லை. வேலை கிடைப்பது சுவரொட்டியிலும் உறவினர் வாய்ச்சொல்லிலும்தான். நல்ல காலத்தில் இம்முறை மிக விரைவானது. ஒரு கம்பெனியை விட்டவர் மறுநாளே அடுத்த கம்பெனியில் அமர்வார். ஆனால் நகரம் முழுவதும் ஒரே நேரத்தில் தொய்வடையும்போது உறவினரும் வேலையின்றி இருப்பர். அப்போது அந்த வலைப்பின்னல் பயன்படுவதில்லை.

அத்தகைய பெருந்தொய்வுகளுள் முதன்மையானது 2011 ஆம் ஆண்டு சாயப்பட்டறை மூடல். நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலப்பதை எதிர்த்து ஆயக்கட்டு விவசாயிகள் தொடர்ந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2006 திசம்பரில் கழிவுநீர் வெளியேற்றம் முற்றிலும் நிறுத்தப்பட வேண்டும் எனக் கெடு விதித்தது. உச்ச நீதிமன்றமும் 2009 அக்டோபரில் தொழிலகங்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. உத்தரவுகள் நிறைவேற்றப்படாத நிலையில் 2011 சனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட ஆணையிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயமேற்றத் துணி வெளியூர்களுக்கு அனுப்பப்பட்டதால் தையல் பகுதியிலும் வேலை குறைந்தது. பிற்பாடு மாநில அரசின் வட்டியில்லாக் கடனுதவியும் புதிய சுத்திகரிப்பு முறைகளும் வந்தபின் பட்டறைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன.

இவ்வழக்கில் வேலையிழந்தவர் இரு தரப்பிலும் இருந்தனர் என்பதை மறக்கலாகாது. 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாக மாறியபோது, அதன் கீழிருந்த வயல்களில் கூலி வேலை செய்தவர்கள் ஓசையின்றிப் பிழைப்பை இழந்திருந்தனர். அவர்களுள் எத்தனை பேர் பின்னர் திருப்பூருக்கே வேலை தேடி வந்தனர் என்று எவரும் எண்ணியதில்லை.

2020 இல் கொரோனா ஊரடங்கின்போது வெளிநாட்டு வாங்குநர்கள் ஆர்டர்களை நிறுத்தினர். ஒடிசா, பீகார், சார்க்கண்டு மாநிலத் தொழிலாளர்கள் பெருமளவில் ஊர் திரும்பினர். 2025 ஆகத்து 27 முதல் ஐக்கிய அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது 50 விழுக்காடு சுங்க வரி விதித்தபோது நகரம் மீண்டும் அதிர்ந்தது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்நாட்டுக்குச் செல்வதே இதற்குக் காரணம்.

தொழிலாளிக்கு உரியவை

வேலையிழந்தவருக்குச் சட்டப்படி வரவேண்டியவை பல உள்ளன. அவற்றைக் கேட்டுப் பெறுவோர் சிலரே. உதவிச் சேவை ஒன்றின் உடனடிப் பயன் இங்குதான் தெரிகிறது.

நீக்கப்பட்டவரின் நிலுவைக் கூலி இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் உண்டு. 1947 ஆம் ஆண்டு தொழிற்தகராறுச் சட்டத்திலிருந்த இவ்விதி 2020 ஆம் ஆண்டு தொழிலுறவுத் தொகுப்பிலும் தொடர்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட அத்தொகுப்பில் மறுதிறன் நிதி என்ற புதிய ஏற்பாடும் உள்ளது. அதன்படி ஆட்குறைப்புச் செய்யும் முதலாளி ஒவ்வொரு தொழிலாளிக்கும் 15 நாள் கூலிக்கு ஈடான தொகையை நிதிக்குச் செலுத்த வேண்டும். அது 45 நாட்களுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேரும்.

தீபாவளி போனசு பற்றித் தவறான எண்ணம் பரவலாக உள்ளது. பண்டிகைக்கு முன்னரே நிறுத்தப்பட்டவருக்குப் போனசு இல்லை எனப் பலர் கருதுகின்றனர். போனசு விதிகளுக்கு உட்பட்ட நிறுவனத்தில் அக்கணக்காண்டில் 30 நாட்கள் வேலை செய்தவருக்கு, அவர் ஈட்டிய கூலியின் அளவில், குறைந்தது 8.33 விழுக்காடு போனசு உரியது.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் 2005 ஏப்ரல் முதல் வேலையிழப்புப் படி ஒன்றை வழங்கியது. 2018 சூலை முதல் அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம் வந்தது. தொடக்கத்தில் சராசரி நாட்கூலியில் 25 விழுக்காடாக இருந்த இதன் உதவி, 2020 இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 90 நாட்கள் வரை, வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும். முதலாளி வழியாக அன்றித் தொழிலாளி தாமே கிளை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம் என்ற தளர்வும் அப்போது அளிக்கப்பட்டது. கடிதம் தராத முதலாளிகள் நிறைந்த நகரில் தொகையைக் காட்டிலும் இத்தளர்வே பெரிது. எனினும் காப்பீட்டு எண் இல்லாதவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. வேலையில் இருக்கும்போதே எண்ணையும் ஊதியச் சீட்டையும் பாதுகாக்கச் செய்வது, வேலை போனபின் அலைவதைவிடப் பயனுள்ளது.

தொழிலாகத் தொடங்குதல்

இத்தொழிலின் அடிப்படைச் சிக்கல் யார் பணம் தருவது என்பதே. தொய்வு வரும்போது வாடிக்கையாளர் குவிவர். அதே நேரத்தில் கட்டணம் செலுத்த வேண்டிய கம்பெனிகளிடம் பணம் இராது. நல்ல காலத்தில் கம்பெனிகளிடம் பணம் இருக்கும், தேவை இராது. வேலையிழந்தவரிடமே கட்டணம் வாங்குவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் பெறலாகாது என்பது தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் குறித்த 1997 ஆம் ஆண்டு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கையின் நெறி. முன்பணம் வாங்கி ஏமாற்றும் தரகர்கள் உள்ள சூழலில், பணம் கேட்காதிருப்பதே நம்பிக்கைக்கு முதல் சான்று.

ஆகவே தனி ஒரு கம்பெனியின் கட்டணத்தை நம்பாமல், சுவீடன் மன்றம் போல் பல சிறு கம்பெனிகள் நல்ல காலத்தில் சிறிது சிறிதாகச் செலுத்தும் நிதியே திருப்பூரின் அமைப்புக்குப் பொருந்தக்கூடியது. அதுவரை ஆட்சேர்ப்பு, பயிற்சி, வருங்கால வைப்பு நிதி மற்றும் காப்பீட்டுக் கணக்கு எழுதுதல் போன்ற பணிகளைக் கம்பெனிகளுக்குச் செய்து வருவாய் ஈட்டி, வேலையிழந்தோருக்கான பிரிவை அதனைக்கொண்டு நடத்தலாம். இதில் ஓர் இடர் உண்டு. கம்பெனியின் கணக்கை எழுதுபவரே அக்கம்பெனிக்கு எதிராகத் தொழிலாளியின் நிலுவையைக் கேட்க நேரும். இரண்டையும் ஒரே நபர் கையாளலாகாது.

இலாபத்தைப் பங்கிடாமல் நடத்த விரும்புவோர் 2013 ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 8 ஆம் பிரிவின்கீழ் நிறுவனம் அமைக்கலாம். கூட்டாண்மை, கூட்டுறவுச் சங்கம் ஆகியவையும் உள்ள வழிகள். பெரிய முதலீடு தேவையில்லை. தொழிலாளர் குடியிருப்புக்கு நடந்து செல்லும் தொலைவில் ஓர் அறை, மாலையிலும் ஞாயிறிலும் திறந்திருக்கும் வழக்கம், தமிழுடன் இந்தியும் ஒடியாவும் பேசுவோர் ஆகியவையே இன்றியமையாதவை.

திறனை மெய்ப்பிப்பதே மறுபணி உதவியில் கடினமான பகுதி. சாயப்பட்டறையில் கொதிகலன் இயக்குபவரிடம் தகுதிச் சான்றிதழ் இருக்கும். அவர் அதனைக் கொண்டு வேறு ஆலைக்குச் செல்லலாம். அவர் அருகிலேயே இருபது ஆண்டுகள் துணிக்கு நிறம் ஒப்பிட்டவரிடம் ஒரு தாளும் இராது. முன்கற்றலை ஏற்றுச் சான்றளிக்கும் முறை அரசின் திறன் வளர்ச்சித் திட்டங்களில் உள்ளது. அத்தேர்வுக்கு ஆட்களை ஆயத்தப்படுத்தி அனுப்புவது புதிய பயிற்சி தொடங்குவதைவிடச் செலவு குறைந்தது.

வேலையிழந்தோரே தொடங்கிய நிறுவனங்கள்

உதவியை எதிர்பாராமல் வேலையிழந்தோர் தாமே முதலாளிகளான முயற்சிகளுள் இரண்டு தென்னிந்தியாவில் புகழ்பெற்றவை. காப்பி வாரியம் தன் காப்பிக் கடைகளை மூட முடிவெடுத்தபோது, ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் ஊழியர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். அவற்றுள் முதலாவது 1957 ஆகத்தில் பெங்களூரில் தொடங்கியது. இந்தியன் காபி அவுசு என்ற பெயரில் அவை பல நகரங்களுக்குப் பரவின.

பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை (1966) கேரளம் நடைமுறைப்படுத்தியபோது, கண்ணூர்ப் பகுதியில் பீடி முதலாளிகள் தொழிலை மூடி வெளியேறினர். ஏறத்தாழ 12,000 பேர் வேலையிழந்தனர். 1969 பிப்ரவரியில் அரசின் கடனுதவியுடன் கேரள தினேசு பீடி கூட்டுறவு தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் ஏறத்தாழ 3,000 பேருக்கே வேலை தர இயன்றது; உச்ச காலத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். புகையிலைப் பயன்பாடு குறையத் தொடங்கியதும் அக்கூட்டுறவு தன் தொழிலாளர்களைக் காக்க உணவுப் பொருட்கள், குடை, மென்பொருள் எனப் பிற துறைகளிலும் இறங்கியது.